ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்

ஜெரூஷாவிடம் வாய் கொடுத்து ஜெயித்த வாடிக்கையாளர் தாம்பரம் வட்டாரத்திலேயே கிடையாது. குரோம்பேட்டை டிரைவிங் ஸ்கூல்காரர் தன் மச்சானையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். கேளம்பாக்கத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர் கத்திப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் கண் கலங்கியும் பார்த்தார். ம்ஹூம். வந்த வழியே போனார்கள்.

இரும்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் அவளுடைய ஆபீஸ். ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடுவேன் என்று முனகிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஒரு பட்டன் பச்சையா நீலமா என்று ஒரு வாரம் மீட்டிங் போட்ட அன்று வேலையை விட்டுவிட்டு வந்தவள். இப்போது காண்ட்ராக்ட் வேலை. கேட்பவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பாள்.

எழுதுவது என்னவோ பாதி வேலைதான். எழுதியது சரிதான் என்று சண்டை போடுவது மீதி வேலை. வருகிறவர்கள் எல்லாரும் "சிம்பிளா ஒண்ணு பண்ணிக் குடும்மா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த சிம்பிள் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஜெரூஷா உஷாராகிவிடுவாள். சேலையூர் பல் டாக்டர் அப்படித்தான் ஆரம்பித்தார். பேஷன்ட் வந்ததும் ஒரு மெசேஜ் போக வேண்டும் என்றார். செய்து கொடுத்தாள். மறுநாள் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்த ஒரு பெரியவரின் பையில் ஃபோன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், 'வணக்கம், தாங்கள் வந்துவிட்டீர்கள்.'

"எனக்கு மெசேஜ் வரணும்னு சொன்னேன்மா, அவருக்கு இல்ல!" என்று குதித்தார் டாக்டர்.

"யாருக்குப் போகணும்னு நீங்க சொல்லவே இல்ல சார்."

"இதைக்கூடச் சொல்லணுமா?"

ஜெரூஷா ஃபோனை எடுத்து மேஜைமேல் வைப்பாள். அங்கேதான் அவளுடைய வித்தை. முதல் பேச்சு முடிந்ததும் எல்லாரிடமும், "உங்களுக்கு என்ன வேணும்னு உங்க வாயாலேயே ஒரு வரில சொல்லுங்க" என்று கேட்டுப் பதிவு பண்ணிக்கொண்டு விடுவாள். தகராறு வந்தால் அதைப் போட்டுக் காட்டுவாள். தன்னுடைய குரலோடு தானே எவன் சண்டை போடுவான்? தப்பு தன்னுடையதுதான் என்றார் டாக்டர்.

கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். தப்பு உங்கள் பேரில்தான் என்று ஒத்துக்கொண்டால் போதும், சிரித்த முகமாக உடனே திருத்திக் கொடுத்துவிடுவாள். முதலில் ஜெயிக்க வேண்டும், அப்புறம்தான் உதவி. 'என் தப்பு' என்ற இரண்டு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவளைப் பெற்ற ரோஸியே கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். திருநீர்மலைக்குப் போகும் ரோட்டில் நெல் விளைந்த நிலத்தில் மண்டபம் கட்டி, அதற்குத் தன் அம்மா பெயரை வைத்து, 'கங்கையம்மாள் மஹால்' என்று எல்.இ.டி. விளக்கில் ஓடவிட்டிருந்தார். மண்டபத்தின் பெருமை அதன் மேடை. பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, மேடை மெதுவாகச் சுற்றும். அந்தப் பக்கத்தில் சுற்றும் மேடை வேறு எங்கேயும் இல்லை என்பதில் பொன்னுரங்கத்துக்கு இருந்த கர்வம், தன் பிள்ளைகள் படித்ததில்கூட இல்லை.

"புக்கிங்குக்கு ஒரு மெசின் ஓணும்மா. சிம்பிளா," என்றார்.

ஜெரூஷா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஏ.சி. உண்டா, ஜெனரேட்டர் யார் பொறுப்பு, சாப்பாட்டுக்கூடம் தனியாகக் கிடைக்குமா, ஆடி மாசத்தில் என்ன செய்வீர்கள், எல்லாம் கேட்டாள். கடைசியில் ஃபோனை வைத்து, "ஒரு வரில சொல்லுங்க சார்" என்றாள்.

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மைக்கில் பேசுவதுபோலச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம். ரெண்டாவது ஆளு வந்தான்னா இல்லன்னுடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஜெரூஷா ஒரு காலண்டர் செய்து கொடுத்தாள். தேதியைத் தொட்டால் பதிவாகும், பதிவான தேதி சிவப்பாக மாறும், சிவந்த தேதியை வேறு யாரும் தொட முடியாது. பொன்னுரங்கம் சொக்கிப்போனார். "ஷோக்கா கீதும்மா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மாதக்கணக்கில் ஒரு பிசகு இல்லை. ஜெரூஷாவின் தொழில் வாழ்க்கையில் வாடிக்கையாளர் சண்டைக்கே வராத ஒரே வேலை அதுதான். அதுவே அவளுக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி எபினேசருக்கும் பல்லாவரம் பிளஸ்ஸிக்கும் கல்யாணம் நிச்சயமானது. செப்டம்பர் பதினொன்றாம் தேதி நாலு மணிக்குச் சர்ச்சில் கல்யாணம், ஏழு மணிக்கு ரிசப்ஷன். அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாமே சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை ஹாலில்தான் நடக்கும். ரோஸியின் கல்யாணமே அங்கேதான் நடந்தது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் ரோஸி. வாய்விட்டு எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், இந்த ஒரு தடவை கேட்டாள்.

"அந்த சுத்துற மேடைல நம்ம எபியை நிக்க வச்சுப் பாக்கணும்டி. எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல."

தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஜெரூஷா ஃபோனைத் திறந்தாள். பதினொன்றாம் தேதி வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டாம் தேதி மட்டும் சிவப்பு. தொட்டாள். பதினொன்றும் சிவந்தது. தான் எழுதிய சாஃப்ட்வேரில் தன் தம்பிக்கே மண்டபம் பிடித்த பெருமையில் கூடக் கால் கிலோ தக்காளி வாங்கினாள். ரோஸி அன்று சாயங்காலமே சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது பொன்னுரங்கத்திடமிருந்து ஃபோன் வந்தது.

"ஜெரூஷாம்மா, உடனே கெளம்பி வா. உன் மெசின் பெரிய பேஜார் பண்ணி வச்சிகீது."

வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மண்டப வாசலில் தெர்மோகோலில் பெயர் வெட்டுகிறவர், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர்தான் கண்டுபிடித்தவர். பதினொன்றாம் தேதி சாயங்கால ரிசப்ஷனுக்கு மேடையில் என்ன பெயர் ஒட்டுவது என்று கேட்க வந்திருந்தார். எபினேசர் – பிளஸ்ஸி என்று ஒரு வீடு சொல்லியிருந்தது. குமரவேல் – தேவதர்ஷினி என்று இன்னொரு வீடு சொல்லியிருந்தது. "ரெண்டையும் ஒட்டிடலாம் சார், மேடைதான் சுத்துதே" என்று யோசனை வேறு சொன்னாராம்.

ஆபீஸ் அறையில் பொன்னுரங்கத்தின் எதிரே தேவதர்ஷினியின் அப்பா தயாளன் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் முதலில் கையைப் பார்த்துப் பழகியவர்.

"சார் உங்களுக்கு எந்தத் தேதி?" என்று ஜெரூஷா நின்றபடியே கேட்டாள்.

"பன்னெண்டு. காலைல ஆறு டு ஏழரை முகூர்த்தம்."

"எங்களுக்குப் பதினொண்ணு. அப்புறம் என்ன பிரச்சினை?"

தயாளன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "பன்னெண்டு முகூர்த்தம்னா பதினொண்ணு சாயங்காலம் ரிசப்ஷன்தானேம்மா? ஊர் உலகத்துல வேற எப்படி?"

"எங்க வீட்ல கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் சார் ரிசப்ஷன். கல்யாணமே ஆகாம எப்படி ரிசப்ஷன் வைக்கிறது?"

"அத்த வுடும்மா," என்றார் பொன்னுரங்கம். "மண்டபத்துல நாளுன்னா இன்னா? மொத நாள் மத்தியானம் சாவி வாங்கறான், மறுநாள் மத்தியானம் சாவி குடுக்கறான். அதான் ஒரு நாளு. எங்கம்மா காலத்துலேர்ந்து அதான் நாளு."

"இதை எங்கிட்ட எப்ப சார் சொன்னீங்க?"

"இத்தக்கூட சொல்லணுமா?"

இந்தக் கேள்வியை ஜெரூஷா எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள்! உள்ளுக்குள் ஒரு சந்தோஷமே வந்துவிட்டது. ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பொன்னுரங்கத்தின் குரல் கணீரென்று வந்தது: 'ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம். ரெண்டாவது ஆளு வந்தான்னா இல்லன்னுடணும். அவ்ளோதான்.'

"பாத்தீங்களா?" என்றாள் ஜெரூஷா.

"பாத்தியா?" என்றார் பொன்னுரங்கம், அதே வேகத்தில்.

"பாத்தீங்களா, நானும் அதத்தானே சொல்றேன்!" என்றார் தயாளன்.

மூன்று பேருக்கும் அந்தக் குரல் சாட்சி சொன்னது. இன்னொரு தடவை போட்டாள். இன்னொரு தடவையும் மூன்று பேரும் ஜெயித்தார்கள்.

ஜெரூஷா தயாளன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களே சொல்லுங்க. ரயில்வேல நாள் எப்ப ஆரம்பிக்குது?"

"நடு ராத்திரி பன்னெண்டுக்கு."

"அப்புறம்?"

"அது ட்ரெய்னுக்கும்மா. ட்ரெய்னுக்கு யாரு ரிசப்ஷன் வைக்கிறா?"

தெர்மோகோல்காரர் வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டார். நேரத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று பேசினார்கள். இவர்களுக்கு நாலு மணிக்குச் சர்ச். அவர்களுக்கு ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. இரண்டு பத்திரிகையும் அச்சாகி ஊர் முழுக்கப் போயாயிற்று. எந்தப் பக்கமும் இம்மி நகர வழியில்லை.

ஜெரூஷா விடவில்லை. காலண்டரில் பதினொன்று என்று போட்டிருந்தால் பதினொன்றுதானே, மெஷின் சொன்னபடி செய்ததா இல்லையா, வேலையை முடித்துக் கொடுத்த அன்று தொட்டுப் பார்த்து 'ஷோக்கா கீது' என்று சொன்னது யார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பொன்னுரங்கம் ஃபோனை அவள் பக்கம் தள்ளினார்.

"சரிம்மா. என் வாயாலதான சொல்லிகிறேன். வார்த்தைன்னா வார்த்தைதான். பதினொண்ணு சாயங்காலம் உனுக்கு. தயாளன் சார், மன்னிச்சுக்கோங்க, உங்களுக்குப் பன்னெண்டு காலைலேர்ந்துதான்."

தயாளன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெரூஷாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ சம்பந்தி வீட்ல நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "ரிசப்ஷன் இல்ல, காலைல தாலி கட்ற நேரத்துக்கு மட்டும் வந்துடுங்கன்னா?"

ஜெரூஷா ஜெயித்துவிட்டாள். வழக்கமாக ஜெயித்த பிறகு 'இப்பச் சரி பண்ணித் தரேன் சார்' என்று சிரிப்பாளே, அந்த இடம் வந்தது. சரி பண்ண ஒன்றும் இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். தன் குரலிலும் பொன்னுரங்கம் குரலிலும் மாறி மாறி நடித்தே காட்டினாள். ரோஸி கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"ஏன்டி, அவங்க வீட்ல ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலம்தான்னு உனக்குத் தெரியாதா?"

"அவர் சொல்லலம்மா."

"அவர் சொல்றது இருக்கட்டும். உனக்குத் தெரியுமா தெரியாதா?" ரோஸி கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "உன்கூட வேலை பாத்த சுபத்ரா கல்யாணத்துக்கு நீ எப்ப போன? முந்தின நாள் சாயங்காலம் போய், கிஃப்ட் குடுத்துட்டு, ஐஸ்கிரீம் வரைக்கும் சாப்பிட்டுட்டு வந்த. காலைல தாலி கட்டறதுக்கு எழுப்பினா, 'அதான் நேத்தே கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்துட்டேனே'ன்னு போத்திக்கிட்டுத் தூங்கின. சாவித்ரி கல்யாணத்துக்கும் அதே கதைதான். சாப்பிடப் போறப்ப தெரிஞ்ச தேதி, மெஷின் பண்றப்ப மட்டும் எப்படிடி மறந்துச்சு?"

ஜெரூஷா தான் போன கல்யாணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எத்தனை ரிசப்ஷன், எத்தனை வெஜிடபிள் பிரியாணி, எத்தனை பீடா! அத்தனையும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். இந்த சாஃப்ட்வேரில் இதுவரை பதிவு செய்த எல்லாருக்கும் நாள் என்றால் பொன்னுரங்கத்தின் நாள்தான். அதனால்தான் ஒரு பிசகும் வரவில்லை. வேறு நாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்த முதல் ஆள், அதை எழுதியவளேதான்.

"தப்புன்னு ஒத்துக்கிட்டா ஹால் அவங்களுக்குப் போயிடும்மா," என்றாள் சின்னக் குரலில். "சுத்துற மேடை போயிடும்."

"தெரியும்," என்றாள் ரோஸி. கீரையை மறுபடி கையில் எடுத்தாள், ஆனால் ஆயவில்லை. "பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன், நம்ம ஹால் காலியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்து ஜெரூஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எபி விஷயத்தைக் கேட்டு, "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் மேடை சுத்துற வீடியோ அனுப்பிட்டேன்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் ஆபீஸைத் திறக்கும்போதே ஜெரூஷா வாசலில் நின்றாள்.

"சார், என் தப்பு," என்றாள். "தேதியைக் கேட்டேன். நாள் எங்க ஆரம்பிக்குதுன்னு கேக்கல. எனக்குத் தெரிஞ்சும் கேக்கல. பதினொண்ணு சாயங்காலம் தயாளன் சாருக்குத்தான். நாங்க சர்ச் ஹால்ல வச்சுக்கறோம்."

பொன்னுரங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "அதெப்புடி? நான்தானே சரியா சொல்லல? என் தப்புதான்!"

"இல்ல சார், என்ன வேணும்னு ஸ்பெக் எழுதினது நான். கேட்டு எழுத வேண்டியது என் வேலை."

"நீ நேத்து இன்னா சொன்ன? நான் சொன்னதுதான் ரைட்டு, மெசின் ரைட்டுன்னு சொன்னியா இல்லியா?"

"நேத்து நான் சொன்னது தப்பு."

"அதெல்லாம் கெடையாது. நேத்து நீ சொன்னதுதான் கரெக்டு. ரெக்கார்டு கீதே! போடு அத்த, போடு!"

மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். தப்பு என்னுது என்று இரண்டு பேர் இப்படி அடித்துக்கொண்டு அந்த மண்டபத்தில் அவள் பார்த்ததில்லை. கடைசியில் பொன்னுரங்கம்தான் இறங்கி வந்தார். தயாளனுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றார் தயாளன். ஜெரூஷா வாங்கினாள். "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னார்.

பதினொன்றாம் தேதி சாயங்காலம் தகரக் கூரை ஹாலில் எபினேசரும் பிளஸ்ஸியும் அசையாத மேடையில் நின்றார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பாஸ்டர் வாழ்த்திப் பேசியது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே சீக்கிரம் முடித்தார், எல்லாரும் சந்தோஷமாகப் பந்திக்கு எழுந்தார்கள்.

அந்த நேரத்தில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம் உள்ளே வந்தார். தன் மண்டபத்து ரிசப்ஷனைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். தயாளன் கொடுத்தனுப்பிய பெரிய பழத்தட்டு ஒன்றைப் பின்னால் டிரைவர் தூக்கிக்கொண்டு வந்தான். பொண்ணு மாப்பிள்ளைக்கு மாலை போட்டார். மேடையைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். நேரே ரோஸியிடம் போய்க் கை கூப்பினார்.

"மேடை சுத்தலியேம்மா," என்றார், தானே குற்றவாளிபோல.

"பரவால்லங்க," என்றாள் ரோஸி. "எனக்குச் சும்மாவே தலை சுத்தும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா மனசார சிரிக்கிறாளா என்று ஜெரூஷா பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். முக்கால்வாசி மனசார என்று தோன்றியது. மீதிக் கால்வாசி தன் கணக்கில்தான் என்று வைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கத்தை உட்கார வைத்து இலை போட்டார்கள். ஜெரூஷாவே பிரியாணி பரிமாறினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"அந்த மெசினச் சரி பண்ணிடணும்மா. இனிமே யாரும் இப்புடி மாட்டிகினு முழிக்கக் கூடாது. நாளைக்கு வந்துடு, ஒக்காந்து பேசுவோம்."

"நாளைக்குன்னா எப்ப சார்?" என்றாள் ஜெரூஷா, கரண்டியைப் பிடித்தபடி. "உங்க நாளைக்கு இன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சிருச்சு. என் நாளைக்கு இன்னும் வரல. எந்த நாளைக்கு வரட்டும்?"

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. எலும்பைக் கையில் பிடித்தபடி, தகரக் கூரையைப் பார்த்து, மெய்யாகவே யோசித்தார்.

"இரு, அவசரப்படாத," என்றார். "நல்லா ரோசனை பண்ணிச் சொல்றேன்."

இதைச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான். ஜெரூஷா அவர் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்துவிட்டு, அவர் யோசித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.